எப்படியம்மாவும் நாலாம் பாரத்து முக்கோணங்களும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது கணக்கு எடுக்கும் பெண் ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். பெயர் கவிதா. காபியைக்கூடத் தொடாமல் புலம்ப ஆரம்பித்துவிட்டாள். வகுப்பில் பெரிய திரை வைத்திருக்கிறார்களாம். விரலால் தொட்டால் ஒரு முக்கோணம் தானாகச் சுற்றிப்போய் இன்னொரு முக்கோணத்தின் மேல் உட்கார்ந்து பச்சையாக மின்னுகிறதாம்.

"புள்ளைங்க கை தட்டறாங்க மிஸ். ஆனா ஒன்பதாவதுல 'நிறுவுக'ன்னு ஒரு கேள்வி குடுத்தா, படத்தைக் காட்டி 'அதான் தெரியுதே மிஸ்'ங்கறாங்க. இவங்களுக்கு எப்பத்தான் மிஸ் புத்தி வரும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'அதான் தெரியுதே' என்ற பதில் திரை வந்த பிறகு பிறந்ததல்ல தாயே, நான் சாக்பீஸ் பிடித்த நாளிலிருந்து கேட்ட பதில் அது. "முதல்ல காபியைக் குடி, ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, எங்கள் எச்.எம். அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தவள், போகும்போது "இதை எழுதிக் குடுங்க மிஸ்" என்றாள். எழுதுகிறேன். எண்பது தாண்டியவளின் பேச்சு, அங்கே இங்கே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொமரலிங்கத்துக்காரி. அமராவதித் தண்ணீரில் வளர்ந்து, உடுமலையில் பள்ளிக்கூடம் முடித்து, கோயமுத்தூரில் காலேஜும் ஆசிரியர் பயிற்சியும் படித்தவள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள், கரும்பலகையில் கையாலேயே வட்டம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். முதலாவது மறந்துபோயிற்று. இரண்டாவது இன்றைக்கும் வரும், மார்கழியில் கோலத்துக்கு உதவுகிறது.

ஐம்பதுகளின் கடைசியில் திருப்பூரில், ராயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. வகுப்பு ஜன்னலைத் திறந்தால் பனியன் கம்பெனிகளின் நிட்டிங் மிஷின் சத்தம். பாதிப் பிள்ளைகள் அந்தக் கம்பெனிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள், அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் வேலம்பாளையம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நடந்து வருகிறவர்கள். அப்போது வேலம்பாளையம் காடும் தோட்டமும்தான்.

எச்.எம். அம்மாவின் பெயர் கிரேஸ். தாராபுரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சேலை, கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். பதினோரு வயசுப் பிள்ளையைக்கூட "வாங்க, உக்காருங்க" என்றுதான் கூப்பிடுவார். 'தப்பு' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எந்தப் பிள்ளை எந்தப் பதில் சொன்னாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: "எப்படித் தெரியுமுங்க?" சரியான பதில் சொன்னவளுக்கே சந்தேகம் வந்துவிடும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'எப்படியம்மா'. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "நல்ல பேருதானுங்க டீச்சர். கரடி, காண்டாமிருகம்னு வெக்காம உட்டாங்களே" என்று என்னிடம் ஒருநாள் சொல்லிச் சிரித்தார்.

சேர்ந்த புதிதில் அவர் என் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்த நாளை மறக்கவே முடியாது. இரண்டு பக்கம் சமமாக உள்ள முக்கோணத்தில் அடிக்கோணங்களும் சமம் என்ற தேற்றம். நான் பிரமாதமாக நடத்தினேன். நடத்தி முடித்து, பிள்ளைகளை எழுப்பி ஒப்பிக்கச் சொன்னேன். கடகடவென்று ஒப்பித்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, "டீச்சர், நானும் ஒண்ணு கேட்டுக்கட்டுங்களா?" என்று குரல் வந்தது.

கரும்பலகைக்கு வந்தார். என் முக்கோணத்தை அழித்துவிட்டு, அதே முக்கோணத்தைப் பக்கவாட்டில் படுத்த மாதிரி வரைந்தார். ஏ, பி, சி என்ற எழுத்துகளுக்குப் பதிலாக ம, த, ப என்று எழுதினார். நன்றாக ஒப்பித்த பிள்ளையையே கூப்பிட்டார். அவள் "ஏபிசி என்ற முக்கோணத்தில்" என்று ஆரம்பித்து, பலகையைப் பார்த்தாள். அங்கே ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் எச்.எம். அம்மாவைப் பார்த்தேன். அம்மா அந்தப் பிள்ளையின் தோளைத் தட்டி உட்காரவைத்துவிட்டு, மணி அடித்ததும் வராந்தாவில் என்னோடு நடந்துகொண்டே சொன்னார்: "பாட்டு நல்லா இருந்துச்சுங்க டீச்சர். இனி அர்த்தம் சொல்லிக் குடுக்கலாமுங்க."

ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால்கூட நான் முறுக்கிக்கொண்டு போயிருப்பேன். அன்றைக்கே அவர் பின்னால் போக ஆரம்பித்தவள், அவர் ஓய்வு பெறும்வரை போய்க்கொண்டிருந்தேன்.

நாலாம் பாரம் என்றால் இன்றைய ஒன்பதாம் வகுப்பு. அங்கேதான் கணக்கு இரண்டாகப் பிரியும். ஜெனரல் கணக்கு என்பது வட்டி, விகிதம், பரப்பளவு என்று வீட்டுக்கும் கடைக்கும் போதுமான அளவு. காம்போசிட் கணக்கில் இயற்கணிதமும் தேற்றங்களும் உண்டு. காலேஜில் கணக்கோ சயன்ஸோ எடுக்க ஆசைப்படுகிறவளுக்கு காம்போசிட்தான் கதவு. மற்றப் பள்ளிகளில் மூன்றாம் பாரத்து மார்க்கை வைத்துப் பிரித்துவிடுவார்கள். எங்கள் அம்மா மார்க்கை ஒரு தரம் பார்ப்பார், பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளிவிடுவார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், காம்போசிட் கேட்கிற பிள்ளைகளை ஒவ்வொருத்தராகத் தன் அறைக்குக் கூப்பிடுவார். கணக்கு டீச்சர் என்பதால் நானும் பக்கத்தில் உட்கார வேண்டும். பேசக்கூடாது, கண்ணைக் காட்டக்கூடாது. என் வாய் சும்மா இருக்குமா? நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மேஜைமேல் ஓர் அட்டைச் சதுரம் இருக்கும். நேராக வைத்து "இது என்னங்க?" என்பார். "சதுரமுங்க." அதையே ஒரு முனையில் நிற்கிற மாதிரித் திருப்பி, "இப்ப?" என்பார். முக்கால்வாசிப் பிள்ளைகள் "டைமனுங்க" என்பார்கள், சீட்டுக்கட்டில் வருகிற டைமன். "சதுரம் எங்கீங்க போச்சு?" என்று அம்மா கேட்டால், போனது எங்கே என்று தெரியாமல் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்த பிள்ளையும் உண்டு. பிறகு சாய்ந்த நாற்கரம் ஒன்றைக் காட்டுவார். தோட்டத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் "வரப்பு கோணலாப் போச்சுங்க" என்பார்கள். பனியன் வீட்டுப் பிள்ளைகள் சொல்லும் பதில் வேறு. "சதுரம்தானுங்க. இழுபட்டிருக்குது. அந்தப் பக்கமா இழுத்து உட்டா சரியாயிருமுங்க." பனியன் துணி பின்னல் துணி அல்லவா, குறுக்கே இழுத்தால் கோணும், திருப்பி இழுத்தால் நேராகும். அந்த ஊர்ப் பிள்ளைகளைத் தவிர வேறு எந்த ஊர்ப் பிள்ளையும் வடிவகணிதத்தில் இந்தப் பதிலைச் சொல்லியிருக்கமாட்டாள். எனக்கு எரிச்சலாக வரும். அம்மாவுக்கோ அந்தப் பதில் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

கடைசியாக ஏதாவது ஓர் உண்மையை அந்தப் பிள்ளை வாயாலேயே வரவழைத்து, "எப்படித் தெரியுமுங்க?" என்பார். அதற்கு வரும் பதிலுக்காகத்தான் இத்தனையும். சிலர் "பார்த்தா தெரியுதுங்களே" என்பார்கள். சிலர் "டீச்சர் சொன்னாங்க" என்று என்னைக் காட்டிக் கொடுப்பார்கள். கெட்டிக்காரிகள் "மடிச்சுப் பார்த்தேனுங்க, அளந்து பார்த்தேனுங்க" என்பார்கள். எப்போதாவது ஒருத்தி, "இது இப்படி இருக்கறதால அது அப்படித்தான் இருக்கோணும்" என்று இரண்டையும் முடிச்சுப் போடுவாள். அன்றைக்கு அம்மா எனக்கும் சேர்த்து டீ வரவழைப்பார்.

முடிச்சுப் போடத் தெரியாதவர்களை அவர் விரட்டியதில்லை. அவர்களுக்கு ஆயுத பூஜை வரைக்கும், அதாவது தசரா லீவு வரைக்கும், தேற்றமே கிடையாது. காகிதம் மடிப்பது, வெட்டுவது, நூல் கட்டி அளப்பது, ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி மறுப்பது, இதுதான் பாடம். லீவுக்கு முன்னால் மறுபடி கூப்பிட்டுக் கேட்டுத்தான் காம்போசிட்டா ஜெனரலா என்று எழுதுவார். "கண்ணு நம்பறதைக் கை சந்தேகப்படோணுமுங்க டீச்சர். கை நம்பறதை மனசு சந்தேகப்படோணும். அதுக்கு முன்னால தேற்றத்தைக் குடுத்தா வாய்தானுங்க வாங்கிக்கும்" என்பார். ஒரு தரம் பார்வையிட வந்த அதிகாரி, காலாண்டுப் பரீட்சை நெருங்கியும் நாலாம் பாரத்தில் ஒரு தேற்றம்கூட நடக்கவில்லையே என்று குதித்தார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து, "அடுப்பு பத்தறதுக்கு முன்னாடி உலையில அரிசி போட்டா வேகாதுங்களே ஐயா" என்றார். அதிகாரி மோரைக் குடித்துவிட்டு, பரீட்சை முடிவைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷமும் எங்கள் பிள்ளைகள் நன்றாகவே எழுதினார்கள்.

இனி மைமூன் கதைக்கு வருகிறேன். கவிதாவுக்கு நான் சொன்னதில் முக்கால்வாசி இவளைப் பற்றித்தான்.

மைமூன் 'அத்தா' என்று கூப்பிடும் அவள் அப்பா காதர் ராவுத்தர் சின்ன அளவில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். வீட்டின் முன்பக்கத்தில் மிஷின், பின்பக்கத்தில் குடித்தனம், நடுவில் கட்டிங் மேஜை. மைமூன் அந்த மேஜைக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்த பிள்ளை. மூன்றாம் பாரத்தில் நல்ல மார்க். காலேஜுக்குப் போய்க் கணக்குப் படிக்க வேண்டும் என்று என் காதில் ஓதிக்கொண்டே இருப்பாள். ராவுத்தர் கெட்டவர் இல்லை. ஆனால் மைமூனைப் பெண் கேட்டு மச்சினர் வீட்டிலிருந்து நெருக்கடி. ஜூன் மாதம் பள்ளிக்கு வந்து வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "காம்போசிட் கெடச்சா அவ ஆசைப்படியே படிக்கட்டுமுங்க, மச்சானுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஜெனரல் கணக்குன்னா அவ இப்பவே எங்க கம்பெனில போடற கணக்குத்தானுங்க அது. அதுக்கு எதுக்குங்க பள்ளிக்கூடம்? ஊட்லயே இருக்கட்டும்." அந்தப் பிள்ளையின் படிப்பு மொத்தமும் அம்மாவின் மேஜையில் வந்து நின்றது.

அன்றைக்கு அம்மா அட்டையில் வெட்டிய இரண்டு முக்கோணங்களைக் காட்டினார். இரண்டு பக்கமும் நடுவில் இருக்கும் கோணமும் இரண்டிலும் ஒரே அளவு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தார். இம்மி பிசகாமல் பொருந்தியது. "ரெண்டும் எல்லாத்துலயும் சமமுங்களா?" என்றார். அதற்குமுன் வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு 'ஆமாங்க' சொன்ன கேள்வி.

மைமூன் "சொல்ல முடியாதுங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா தலையைச் சாய்த்தார். "கண்ணு முன்னாலதானுங்களே பொருந்துச்சு?"

"பொருந்தும் மிஸ். இழுத்து வெச்சா எதுவும் பொருந்துமுங்க."

"இது துணி இல்லீங்களே. அட்டை."

"அட்டையா இருந்தாலும் வெட்டறப்ப நகருமுங்க. எங்க ஊட்ல துணியை அடுக்கி வெச்சு மேல் மடிப்புல கோடு போட்டு வெட்டுவாங்க. மேல பார்த்தா எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். அடி மடிப்பை எடுத்துத் தெச்சா கை ஒரு பக்கம் போகும், கழுத்து ஒரு பக்கம் போகும். மேல பார்த்துச் சொல்லக்கூடாதும்பாங்க அத்தா."

நான் நாக்கைக் கடித்திருந்த பல்லை எடுத்துவிட்டேன். என் முகம் மலர்ந்ததை மைமூன் பார்த்துவிட்டாள், அவளும் லேசாகச் சிரித்தாள். இதைவிட என்ன தயார்நிலை வேண்டும்? ஆனால் அம்மா விடவில்லை. "சரீங்க. இந்த மாதிரி ரெண்டு பக்கமும் கோணமும் சமமா இருக்கற எல்லா முக்கோணத்துக்கும் நாம ஏதாவது சொல்ல முடியுங்களா?"

"ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தாத்தானுங்க சொல்ல முடியும்."

"எல்லாத்தையும் பார்த்து முடியுங்களா?"

"முடியாதுங்க. அப்பன்னா ஒண்ணும் சொல்ல முடியாதுங்க."

அம்மா அட்டைகளை எடுத்து ஓரமாக வைத்தார். "மைமூன், நீங்க நல்லா யோசிக்கறீங்க. ஆனா இன்னும் தயாராகலீங்க. தசரா லீவு வரைக்கும் டைம் இருக்குது" என்றார். பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. சரீங்க என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் கதவைச் சாத்தியதும் நான் பிடித்துக்கொண்டேன். "என்னங்கம்மா இது! பார்த்தா தெரியுதுன்னு சொன்ன புள்ளைங்களைக்கூட இப்படி மூஞ்சிக்கு நேரா சொல்லலீங்களே. இவளுக்குத்தானே சந்தேகமே வந்துருக்குது?"

"சந்தேகம் வந்தாச்சுங்க டீச்சர். நிச்சயம் இன்னும் வரலீங்களே. சந்தேகத்தோட நிறுத்திட்டா, பாவம், அந்தப் புள்ளை காம்போசிட்ல மூணு வருஷம் எதையும் நம்பாமயே மனப்பாடம் பண்ணும். அவங்க அத்தாகிட்ட தசரா வரைக்கும் நான் பேசிக்கறேன்."

பேசவும் செய்தார். ராவுத்தர் முனகியதும், "ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுக்கக்கூடாதுங்களா?" என்றார். அவர் ஒத்துக்கொண்டு போனார். ஆனால் தசராவுக்குமேல் ஒருநாள்கூட ஆகாது என்று வாசல்படியில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அடுத்த மூன்று மாதமும் எனக்கும் மைமூனுக்கும் மல்லுக்கட்டுத்தான். கவராயத்தால் வரைந்து காட்டினால், "பென்சில் முனை தடிமன் இருக்குதுங்களே" என்பாள். கோணமானியால் அளக்கவைத்தால், "கோட்டுக்கு நடுவுல இருந்தா என்னன்னு எடுத்துக்கறதுங்க?" என்பாள். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் இரண்டு செங்கோணம் என்பதற்காக, காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒரு நேர்கோட்டின்மேல் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக் காட்டினேன். வகுப்பே 'ஆ' என்றது. மைமூன் கிட்டே வந்து, குனிந்து பார்த்து, "இந்த எடத்துல மயிரிழை இடுக்கு இருந்தா நம்ம கண்ணுக்குத் தெரியாதுங்க மிஸ்" என்றாள்.

என் பொறுமை எல்லை கடந்துவிட்டது. "ஏம்மா, நான் புடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிக்கிறியே! உனக்கு வேற எதைத்தான் காட்டித் தொலைக்கறது?"

கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. அம்மா எப்போது வந்து உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவேயில்லை. "டீச்சர், அவங்களுக்கு எதையும் காட்டாதீங்க."

எழுந்து வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டார். அம்மாவின் கையெழுத்து அழகு, படமும் அழகாகவே போடுவார். அன்றைக்கோ, வேண்டுமென்றே, பார்க்கச் சகிக்காத ஒரு முக்கோணத்தைப் போட்டார். பக்கங்கள் நெளிந்து கிடந்தன. அதன் உச்சி வழியாக ஒரு கோடு இழுத்தார், அது அடிப்பக்கத்தை விட்டு விலகி மேல்நோக்கி ஓடியது. "இந்தக் கோடு அடிப்பக்கத்துக்கு இணைகோடு" என்றார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அது இணையா இல்லீங்களே மிஸ்" என்றாள் மைமூன்.

"இல்லைதானுங்க. எனக்கு வரையத் தெரியலே. ஆனா இணைன்னு நான் சொல்றேன், நீங்க வெச்சுக்குங்க. வெச்சுக்கிட்டா என்ன ஆகும்?"

மைமூன் படத்தைப் பார்த்தாள். பார்த்துப் பிரயோசனம் இல்லை. அளப்பதற்கு அங்கே ஒன்றுமே சரியாக இல்லை. அவளுக்குக் கை பரபரத்தது, பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இணைகோடுகளைப் பற்றி வகுப்பில் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பது.

"இணைன்னா... இந்தக் கோணமும் அந்தக் கோணமும் சமமுங்க" என்று இடப்பக்கத்து அடிக்கோணத்தையும் மேல்கோட்டில் இருக்கும் கோணத்தையும் காட்டினாள்.

"படத்துல சமமா இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் எப்படித் தெரியுமுங்க?"

மணி அடித்தது. அடுத்த வகுப்பு டீச்சர் வாசலில் வந்து நின்றார். அம்மா கையைக் காட்டி அவரை அங்கேயே நிறுத்திவிட்டார். ஒரு பிள்ளைகூட புத்தகத்தை மூடவில்லை. மைமூன் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இணைன்னு ஒத்துக்கிட்டா சமமா இருந்துதானுங்க ஆகோணும். அந்தப் பக்கமும் அதே மாதிரிதானுங்க. மூணும் மேல வந்து ஒரே கோட்டுல நிக்குது. நேர்கோடுன்னா ரெண்டு செங்கோணம்." நிமிர்ந்தாள். "மிஸ், அப்பன்னா படம் எப்படி இருந்தாலும் வந்துதானுங்க ஆகோணும்! எந்த முக்கோணமா இருந்தாலும். அளக்கவே வேண்டாமுங்க!"

கடைசி வார்த்தையைக் கத்தியே விட்டாள். கத்தியதை உணர்ந்து கையால் வாயை மூடிக்கொண்டாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பிள்ளைகள் பார்க்கக்கூடாதே என்று பலகையை அழிக்கப் போனேன். அம்மா தடுத்தார். "இந்தப் படத்தை அழிக்காதீங்க டீச்சர். சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்." அந்த அவலட்சணமான முக்கோணம் அன்று முழுக்க வகுப்பில் ராஜா மாதிரி இருந்தது.

தசரா லீவுக்கு முந்தைய நாள் ராவுத்தரை வரச் சொல்லியிருந்தார் அம்மா. அவர் வெள்ளை வேட்டியும் தொப்பியுமாக வந்து, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். மைமூன் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் கல்யாணத்துக்கு நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் பக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வழக்கம்போல.

வகுப்பில் நடத்தாத ஒன்றைத்தான் அம்மா கேட்டார். "நாலு பக்கம் இருக்கற உருவம். நாலு கோணத்தையும் கூட்டினா எவ்வளவுங்க?"

மைமூன் காகிதம் கேட்கவில்லை. "மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டா ரெண்டு முக்கோணம் ஆயிருதுங்க. ஒண்ணுக்கு ரெண்டு செங்கோணம். மொத்தம் நாலு செங்கோணமுங்க."

அம்மா வாயைத் திறக்குமுன் ராவுத்தர் குறுக்கிட்டார். அவருக்குப் புரிந்ததா என்றால், கோணம் புரியாவிட்டாலும் வடிவம் தெரிந்த மனுஷர். சட்டைப் பையிலிருந்து பனியன் துணியின் சாம்பிள் துண்டு ஒன்றை எடுத்தார், சதுரமாக வெட்டியது. "இதுக்குமாம்மா?"

"ஆமாங்கத்தா."

அவர் துண்டின் இரண்டு மூலைகளைப் பிடித்துக் குறுக்கே இழுத்தார். சதுரம் கோணிக்கொண்டு சாய்ந்தது. "இப்ப?"

"இப்பவும் அதேதானுங்கத்தா. ஒரு மூலை சுருங்கினா இன்னொரு மூலை விரியும். நீங்க எப்படி இழுத்தாலும் கூட்டினா மாறாதுங்க." சொல்லிவிட்டு, திடீரென்று ஞாபகம் வந்தவளாக அவசரமாகச் சேர்த்தாள்: "ஓரம் வளையாம நேரா இருக்கற வரைக்கும்தானுங்க."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் எனக்குக் கண்ணைக் காட்டியது அன்றைக்கு ஒருநாள்தான்.

ராவுத்தர் துண்டை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆயுசு முழுக்கக் கையாண்ட துணி, அதில் இழுத்தால் மாறாத ஒன்று இருக்கிறது என்று பெற்ற பெண் சொல்கிறாள். "துணி தெரிஞ்ச எனக்கு இது தெரியாதுங்களே" என்றார், யாரிடம் என்றில்லாமல். "எழுதிக்குங்கம்மா. காம்போசிட்ல எழுதிக்குங்க. மச்சானுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அம்மா பேனாவைத் திறந்தார். "மைமூன், இப்ப நீங்க தயாருங்க."

பெரியவர்கள் இப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளையும் கைகூப்பிவிட்டு ஓடிவிடும். இவள் நகரவில்லை. கதவைப் பார்த்தாள், அத்தாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"மிஸ், ஜூன் மாசம் தயாராகலேன்னு சொன்னீங்க. இப்ப தயாருங்கறீங்க. உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"ஏய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு பேசற!" என்று ராவுத்தர் பதறி எழுந்துவிட்டார். ஊரில் எல்லாரையும் அந்தக் கேள்வி கேட்ட எப்படியம்மாவை, அதுவரை ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்லை.

அம்மா பேனாவைக் கீழே வைத்தார். தலையைச் சாய்த்தார். வழக்கமாக மற்றவர்கள் தேடுவதுபோல், அன்றைக்கு அவர் பதிலைத் தேடினார்.

"ஜூன் மாசம் நான் சொன்னேன், நீங்க சரீங்கன்னு கேட்டுக்கிட்டுப் போயிட்டீங்க" என்றார். "இன்னைக்கு எப்படின்னு கேக்கறீங்க."

பிறகு தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளை உட்காரச் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து அவள் பெயரை எழுதினார்.